ஏகாதசி நாளில் குடல் சுத்தம்

நர்சிங் படிக்கிற பிள்ளைகளே, மேடையேறிப் பேசச் சொன்னீர்கள். முட்டிவலி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அப்படியானால் எழுதியாவது கொடுங்கள் என்று விடாப்பிடியாக நின்றீர்கள். சரி, எழுதுகிறேன். தூத்துக்குடியில் நான் நர்ஸாக இருந்த காலத்தில் பெரும்பகுதி எண்டோஸ்கோபி பிரிவில்தான் போயிற்று. என்ன வேலை பார்த்தாய் என்று ஊரில் யாராவது கேட்டால் ஆஸ்பத்திரி வேலை என்பதோடு நிறுத்திக்கொள்வேன். மிச்சத்தையும் சொன்னால் கையில் இருக்கிற காப்பியைக் கீழே வைத்துவிடுவார்கள்.

குழாய் விடுவதையும் திரையில் பார்ப்பதையும் டாக்டர்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். அதற்கு முந்தின நாளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அந்த நாள்தான் நம்முடையது. பேதிப் பவுடரைக் கரைத்துக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்து, போகிறது தெளிந்த தண்ணீராக வரும்வரை கூடவே இருக்க வேண்டும். சின்ன வயதுக்காரர்களுக்கு அது ஒரு நாள் எரிச்சல். எண்பதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஒரு நாளைத் தாண்டுவதே பெரிய காரியம்.

மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர் பாக்கெட் பவுடர் முழுவதையும் ஒரே டம்ளர் கருப்பட்டிக் காப்பியில் போட்டுக் கலக்கி மடக்மடக்கென்று குடித்துவிட்டு வந்தார். "தண்ணி அப்புறமா குடிச்சாப் போச்சு. எல்லாம் வயித்துக்குள்ள போயி கலந்துக்கிடும்லா?" என்றார். திட்டினோம், சிரித்தோம், மறுநாள் முறையாகக் கொடுத்து வேலையை முடித்தோம். அவருக்கு அப்போது ஐம்பது வயதுகூட இருக்காது. எண்பத்தெட்டு வயதுக்காரரிடம் இந்த மாதிரிக் கூத்து நடந்தால் மறுநாள் என்று ஒன்று கிடைக்குமா என்பதே சந்தேகம். நான் சொல்லவந்தது அப்படி ஒருவரைப் பற்றித்தான்.

தாமிரபரணிக் கரையில் ஒரு கோயிலூர்க்காரர். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். நெற்றியில் திருமண், ஒடிசலான உடம்பு, நல்ல ஞாபகசக்தி. மனைவி காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மகள் வேதாதான் கூட இருந்து பார்த்துக்கொண்டார். அந்த அம்மாளுக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது, சர்க்கரை வியாதி வேறு. மகன் சம்பத் புனேயில் இருந்தார். தினமும் போனில் வருவார்.

வாத்தியாருக்கு ரத்தம் குறைந்துகொண்டே வந்தது. மலத்திலும் ரத்தக்கசிவு இருப்பதாகத் தெரிந்தது. எங்கள் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற கொலனோஸ்கோபி செய்யலாம் என்றார். இந்த வயதில் வீட்டில் வைத்துப் பவுடர் கொடுக்கக் கூடாது, முந்தின நாளே சேர்ந்துவிடுங்கள் என்றும் சொன்னார். எந்த நாள் வந்து சேர்வது என்று பேச்சு வந்தபோது வேதாம்மா காலண்டரைப் பார்த்துவிட்டு, முகம் மலரச் சொன்னார்.

"ஏகாதசி வரதே டாக்டர். அப்பா எப்படியும் ஒண்ணும் சாப்பிட மாட்டார். தசமியன்னிக்கே ஒருவேளைதான். வயிறு தானா காலியா இருக்கும். அன்னிக்கே சேந்துண்டுடலாமே?"

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். நம் நோயாளிகளோடு நாம் படுகிற பெரும்பாடே பட்டினி போடுவதுதானே? ஒரு வாய் சோறுதானே, ஒரே ஒரு மக்ரூன்தானே என்று தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்துத் தின்கிறவர்களை நீங்களும் பார்க்கப் போகிறீர்கள். பட்டினியைப் பிறந்ததிலிருந்து பழகிய ஒருவர் கிடைத்தால் விடுவோமா? டாக்டர், நான், மகள், போனில் மகன் என்று எல்லோரும் தலையாட்டினோம். படித்தவர்கள் இத்தனை பேர் சேர்ந்து யோசித்து இதைவிட மோசமான நாளைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

காலையில் வந்து சேர்ந்தார்கள். வேதாம்மா என்னைத் தனியாக அழைத்து ஒரு சந்தேகம் கேட்டார். மறுநாள் துவாதசி. விரதம் முடித்துச் சாப்பிடுவதற்கு அவர்கள் பாரணை என்று பெயர் சொல்வார்கள், அதில் அகத்திக்கீரை கட்டாயம்.

"நாளைக்குக் கார்த்தால பாரணை பண்ணிட்டு டெஸ்ட்டா சிஸ்டர், டெஸ்ட்டை முடிச்சுண்டு பாரணையா?"

"அம்மா, கீரையைத் தின்னுட்டு வந்தா டாக்டருக்குக் கீரைதான் தெரியும். எல்லாம் முடிஞ்ச பொறவு சாப்பிடட்டும்" என்றேன். வாத்தியார் கட்டிலில் இருந்தபடியே சிரித்தார். அந்தச் சிரிப்பை வைத்து எல்லாம் நன்றாகவே போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

கரைசலைக் கொடுத்தபோது முரண்டு பிடிக்கவில்லை. மருந்துக்கு விரதத்தில் விலக்கு உண்டு என்று அவரே சொன்னார். ஒவ்வொரு டம்ளரையும் கண்ணை மூடிக்கொண்டு, உதடு படாமல் அண்ணாந்து குடித்தார். சிரமம் அதற்குப் பிறகுதான். நடுநடுவே வெறும் தண்ணீரோ இளநீரோ குடிக்க வேண்டும் என்றதும் தலையை அசைத்துவிட்டார்.

"ஏகாதசியன்னிக்கு நான் தீர்த்தம்கூட எடுத்துக்கறதில்லம்மா. மருந்து கொடுங்கோ, எவ்வளவு வேணும்னாலும் குடிக்கறேன். தண்ணி வேண்டாம்."

மற்ற வீடுகளில் ஏகாதசி என்றால் பலகாரம் உண்டு, பழம் உண்டு. இவர் தண்ணீரும் குடிக்காமல் இருக்கிறவர். விரதம் என்றார்களே ஒழிய எப்படிப்பட்ட விரதம் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. நான் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் இளநீரையும் மருந்துச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய் நீட்டினால் வாத்தியார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"சீட்டுல எழுதிட்டா இளநீர் மருந்தாயிடுமா சிஸ்டர்? நாப்பது வருஷம் பசங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஏமாத்து வேலையைத் தூரத்துலயே கண்டுபிடிச்சுடுவேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. நாக்கு வறண்டிருந்தது, நாடி கொஞ்சம் வேகமாக ஓடியது. இந்த வயதில் உடம்பில் நீர் குறைவது கண்ணுக்குத் தெரியாது, தெரியும்போது காரியம் கைமீறியிருக்கும். டாக்டர் குளுக்கோஸ் இல்லாத டிரிப் ஒன்றை மெதுவாக ஓடவிடச் சொன்னார். ஊசி வழியே போவதற்கு வாத்தியார் ஆட்சேபம் சொல்லவில்லை. கட்டிலை ஒட்டிக் கமோடு நாற்காலியைப் போட்டோம். பாத்ரூம்வரை நடக்கவைத்து அவரைத் தடுக்கி விழவிடுவதற்கு எனக்கு மனமில்லை.

மருந்து வேலை செய்ய ஆரம்பித்தது. வயிற்றுப் போக்கு என்றால் என்னவென்று நமக்குத் தெரியும், அது வயசாளிக்கு அடங்காது என்பதும் தெரியும். நாற்காலிக்கு நகர்வதற்கு முன்பே சில தடவை வேட்டியில் போய்விட்டது. வேதாம்மா எங்களை விடவில்லை. அவரே துடைத்தார், அவரே கழுவினார், அவரே வேட்டி மாற்றினார். ஆயா முத்துக்கனி எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாள். "நான் பாத்துக்கறேன்" என்பதுதான் பதில். வாத்தியார் அந்த நேரத்திலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"இவளை வெளில அனுப்ப முடியுமாம்மா? இவ குழந்தையா இருக்கறச்சே நான் இவளுக்கு இதெல்லாம் செஞ்சதில்ல. எல்லாம் இவ அம்மாதான் செஞ்சா. இவ எனக்குச் செய்யறது கஷ்டமா இருக்கு."

இந்த வேலையில் நாம் அழுக்குக்குப் பழகிவிடுகிறோம், அவர்கள் பழகுவதில்லை. வேதாம்மாவிடம் போய் வராந்தாவில் காற்றாட உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார், உடனே எழுந்து வந்துவிட்டார். அவர் நெற்றியில் முத்துமுத்தாக வேர்த்திருந்ததைப் பார்த்தேன். தூத்துக்குடி வெயிலில் யாருக்குத்தான் வேர்க்காது என்று விட்டுவிட்டேன்.

மதியம் தாண்டியிருக்கும். வாத்தியார் கமோடு நாற்காலியில் இருந்தார். ஒரு கையில் டிரிப். மகள் பக்கத்தில் குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த டம்ளரைக் கலக்கிக்கொண்டிருந்தேன். தொப்பென்று ஒரு சத்தம். திரும்பினால் வேதாம்மா துணியைப் பிடித்த கையோடு தரையில் கிடக்கிறார். "வேதா!" என்று கத்திக்கொண்டே வாத்தியார் நாற்காலியிலிருந்து எழப் பார்க்கிறார். தரையெல்லாம் ஈரம். அறையில் நான் ஒருத்திதான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உங்களுக்கும் ஒருநாள் வரும். மனசு கீழே கிடப்பவரிடம் ஓடு என்று சொல்லும். நான் வாத்தியாரைப் பிடித்தேன். தோளில் இரண்டு கையையும் வைத்து அழுத்தி உட்காரவைத்தேன். விழுந்தவர் விழுந்தாயிற்று, இனி அவர் விழ முடியாது. இவர் விழுந்தால் இடுப்பு எலும்பு போகும், இந்த வயதில் இடுப்பு எலும்பு போனால் ஆளும் போனமாதிரிதான். அப்படிப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஏளா முத்துக்கனி! ஓடி வா! சார விட்டுராம பிடிச்சுக்க!"

அவள் வந்து வாத்தியாரை அணைத்துப் பிடித்ததும்தான் நான் தரையில் உட்கார்ந்தேன். வேதாம்மாவுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டு வேர்வை ஓடியது. கூப்பிட்டால் முனகல் மட்டும். பின்னால் ஓடிவந்த இன்னொரு நர்ஸ், "இவங்க பேஷன்ட் இல்லையே சிஸ்டர், கேஷுவாலிட்டிக்குக் கொண்டுபோய்ப் பதிஞ்சிருவமா?" என்றாள். குணத்தில் தங்கமான பெண்தான், ஆனால் எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை என்ன சொன்னேன் என்று எழுத முடியாது. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தோம். பாதாளத்தில் இருந்தது. கையில் ஊசியைப் போட்டுக் குளுக்கோஸ் ஏற்றினோம். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "அப்பாவுக்கு வேஷ்டி மாத்தணும்" என்றார்.

நடந்தது இதுதான். அப்பா ஏகாதசி இருந்தால் மகளும் இருப்பார். அதே மாதிரி, தண்ணீர்கூட இல்லாமல். சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போலக் காலையில் போட்டுக்கொண்டார். முந்தின நாளும் ஒருவேளைதான். அந்த வயிற்றோடு காலையிலிருந்து குனிந்து நிமிர்ந்து வேலை. நாங்கள் வாத்தியாருக்கு மணிக்கொரு தரம் நாடி பார்த்தோம், பிரஷர் பார்த்தோம், ரத்தத்தில் உப்பு பார்த்தோம். அவருக்குச் செய்கிற ஆளைப் பார்த்து, அம்மா நீங்க சாப்பிட்டீங்களா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வயசானவருக்குக் குடல் சுத்தம் செய்கிறோம் என்றால் இரண்டு பேருக்குச் செய்கிறோம் என்று அர்த்தம். இரண்டாவது ஆளுக்குக் கட்டில் கிடையாது, அவ்வளவுதான்.

வேதாம்மாவைப் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்தோம். பெரிய டாக்டர் வந்தார். ஊசியில் ஏறியது நிற்காது, வாய்வழியாகவும் ஏதாவது சாப்பிட்டே ஆக வேண்டும் என்றார். முத்துக்கனி பாலில் சர்க்கரை போட்டுக் கொண்டுவந்தாள். அந்த அம்மாள் வாயை இறுக மூடிக்கொண்டார்.

"அப்பா இந்த நிலைமையில தீர்த்தம் இல்லாம இருக்கார். நான் எப்படிப் பால் குடிக்கறது?"

வாத்தியார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"அடி பைத்தியமே, நான் எப்பவோ விட்டிருப்பேன்டி. அம்மா போனப்புறம் நீ ஒரு ஏகாதசி தப்பாம இருக்கே. இந்த வயசுல பொண்ணு இருக்கா, நான் மட்டும் எப்படிச் சாப்பிடறதுன்னு நானும் இருந்துண்டிருக்கேன்."

"நானா? நீங்க இருக்கறதாலன்னா நான் இருக்கேன்!"

பிறகு வாத்தியார் என்னைப் பார்த்து, "அந்த இளநீரைக் கொடுங்கோ" என்றார். அதை வாங்கி மகள் பார்க்கப் பார்க்கக் குடித்தார். மகளும் பாலைக் குடித்தார். நான் திரும்பி நின்று டிரிப் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது, அழுகையை மறைக்க வேறு வழியில்லை.

டாக்டர் அப்போதே போயிருக்கலாம். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்தார். கரைசலில் பாதிகூட உள்ளே போகவில்லை, மீதியைக் கொடுப்பதா நிறுத்துவதா என்று முடிவு பண்ண வேண்டியிருந்தது. நான் பாத்திரத்தோடு நின்றேன்.

"சார், ஒண்ணு கேக்கேன், வெளிப்படையா சொல்லுங்க" என்றார் டாக்டர். "நாளைக்குப் பாத்து, உள்ள கட்டி கிட்டி இருந்துச்சுன்னா ஆபரேஷன் பண்ணிக்கிடுவியளா?"

"மாட்டேன்" என்றார் வாத்தியார், ஒரு கணமும் யோசிக்காமல்.

"ஊசி மருந்து, கீமோ?"

"அதெல்லாம் எதுக்கு? எண்பத்தெட்டு ஆயிடுத்து. வலி இல்லாம இருந்தாப் போறும். நானே எழுந்து நானே போயிண்டு வந்தாப் போறும். வேற என்ன வேணும் எனக்கு?"

"அப்ப எதுக்கப்பா டெஸ்ட்டுக்கு ஒத்துண்டேள்?" என்று அடுத்த கட்டிலிலிருந்து மகள் கேட்டார்.

"நீ அழுதே. அதான்."

"நான் அழுதது சம்பத் அப்படிக் கத்தினதுனால. டெஸ்ட் பண்ணியே ஆகணும்னு தினம் போன் பண்ணினான்."

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சொன்னார், அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. "நானும் அதுக்குத்தான் எழுதினேன் சார். பிள்ளை நாளைக்கு ஏன் பாக்கலைன்னு கேட்டா என்ன பதில் சொல்லன்னு. இந்தக் கேள்விய அன்னைக்கே உங்ககிட்ட கேட்டிருக்கணும்." எங்கள் ஆஸ்பத்திரியில் அவரைக் கண்டால் எல்லோரும் நடுங்குவோம். நோயாளி முன்னால் அப்படிச் சொல்ல அவரைத் தவிர வேறு ஒருவருக்கும் தைரியம் வந்து நான் பார்த்ததில்லை.

கையிலிருந்த கரைசலைக் கீழே ஊற்றச் சொன்னார். ஊற்றினேன்.

மகனுக்கு அங்கேயே போன் போட்டார்கள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று டாக்டர் ஸ்பீக்கரில் வைத்தார். அக்கா மயங்கி விழுந்தது, இப்போது நன்றாக இருப்பது, டெஸ்டை நிறுத்தியது எல்லாவற்றையும் சொன்னார். எதிர்ப்பக்கம் சண்டைக்கு வரும் என்று நான் தயாராக நின்றேன். வந்தது ஒரு நைந்த குரல்தான்.

"நான் தூரத்துல இருக்கேன் டாக்டர், என்னை யாரும் கேக்கப் போறதில்ல. அப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா ஊர்ல எல்லாரும் அக்காவைத்தான் கேப்பா. கூடவே இருந்தும் ஒரு டெஸ்ட் பண்ணிப் பாக்கலையான்னு கேப்பா. அவளை ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுன்னுதான் கத்தினேன். எனக்கு என்ன டெஸ்ட் வேண்டியிருக்கு?"

வேதாம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வாத்தியார் போனைக் கையில் வாங்கினார்.

"ஏன்டா சம்பத், உங்க யாருக்குமே வேண்டாததையா நான் கார்த்தாலேர்ந்து குடிச்சுண்டிருக்கேன்?"

அறையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டோம். அழுதுகொண்டிருந்தவரும் சேர்ந்து சிரித்தார். போனுக்குள்ளே சிரித்தாரா அழுதாரா என்று எனக்குப் புரியவில்லை.

இரும்புச்சத்து ஏற்றி, தேவைப்பட்டபோது ரத்தம் ஏற்றி, டாக்டர் அவரை அப்படியே பார்த்துக்கொண்டார். எல்லா வயசாளிகளுக்கும் இந்தச் சோதனை வேண்டாம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். தொண்ணூறைத் தொட்ட ஒரு பாட்டிக்குக் கட்டியை அடைப்பாவதற்கு முன்பே கண்டுபிடித்து, அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போனதையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாட்டிக்குப் பார்க்க வேண்டும் என்றிருந்தது, பார்த்தோம். வாத்தியாருக்கு அப்படி இல்லை. பவுடர் பாக்கெட்டைக் கிழிப்பதற்கு முன்னால் கட்டிலில் இருக்கிறவரிடமே கேட்டுவிடுங்கள். பக்கத்தில் நிற்கிறவரிடம் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். இதற்கு மேல் சொல்ல எனக்குத் தெம்பும் இல்லை, தெரியவும் தெரியாது.

நான் ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் வேதாம்மாவிடமிருந்து போன் வந்தது. அப்பா போய்விட்டார் என்றார். கஷ்டப்பட்டாரா என்று கேட்டேன்.

"இல்ல சிஸ்டர். அன்னிக்குக் கார்த்தாலகூடத் தானே எழுந்து கொல்லைப்பக்கம் போயிட்டு, கைகால் அலம்பிண்டு வந்துதான் படுத்துண்டார். என்னைக் கூப்பிடவே இல்ல."